கேள்வி – பதில்: சிகரெட்டை விழுங்கிய கம்பனிகள் சுருட்டை ஏன் விழுங்கவில்லை?

கேள்வி: ‘பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ’ என்று ஒரே கம்பனிக்கு இரண்டு நாட்டுப் பெயர் எப்படி வந்தது? சிலோன் டுபாக்கோ அவர்களுடையதா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: அமெரிக்கச் சிகரெட் கம்பனியான அமெரிக்கன் டுபாக்கோவின் தலைவர் ஜேம்ஸ் டியூக், 1901இல் லிவர்பூலின் ஒக்டன் சிகரெட் கம்பனியை வாங்கினார். உடனே வில்ஸ், பிளேயர் முதலிய 13 பிரித்தானியக் கம்பனிகள் இம்பீரியல் டுபாக்கோ என்று ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. விலையைக் குறைத்துக் குறைத்து இரு தரப்பும் களைத்தபின் 1902இல் சமாதானம். அமெரிக்கா டியூக்குக்கு, பிரித்தானியா இம்பீரியலுக்கு. மற்ற நாடுகளுக்கென இருவருக்கும் பொதுவாக ஒரு புதுக் கம்பனி, அதுதான் பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ. மூன்றில் இரண்டு பங்கு டியூக்கிடம் இருந்தது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் டுபாக்கோவைக் கலைக்க உத்தரவிட, அந்தப் பங்குகள் கைமாறின. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இலங்கையின் சிகரெட் கம்பனியான சிலோன் டுபாக்கோ 1906இல் தொழிலைத் தொடங்கி 1932இல் கம்பனியாகப் பதிவானது. அதன் பங்குகளில் 84 வீதத்துக்குச் சற்று மேல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோவிடம் உள்ளது.

கேள்வி: சிகரெட் அப்படி ஒரு கைக்குள் போனபோது சுருட்டு மட்டும் எப்படித் தப்பியது? (வாசகர், கொக்குவில்)

பதில்: டியூக் சுருட்டையும் விட்டுவைக்கவில்லை, அதற்கென்றே 1901இல் அமெரிக்கன் சிகார் கம்பனியைத் தொடங்கினார். ஆனால் 1910 அளவில் அமெரிக்கச் சிகரெட்டில் ஏறத்தாழ 86 வீதம் அவர் பக்கம், சுருட்டிலோ 14 வீதந்தான்.

காரணம் இலையில் இருக்கிறது. சிகரெட்டுக்கு வேண்டியது தூளாக வெட்டிய இலை. பொன்சாக் இயந்திரம் அதை நீளக் கடதாசியில் சுற்றி நிமிடத்துக்கு 200 வரை வெட்டித் தள்ளியது. சுருட்டின் மேலிலை கிழியாமல் முழுசாக இருக்கவேண்டும். நடுக்காம்பைக் கிழித்தெடுத்தால் கிடைக்கும் இடப்பாதியை ஒரு பக்கமாகவும் வலப்பாதியை எதிர்ப்பக்கமாகவும் சுற்றினால்தான் நரம்பு சுருட்டின் நீளவாக்கில் படியும். இலை காய்ந்திருந்தால் சுற்றும்போதே வெடிக்கும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளிலையை இறுக்கினால் புகை இழுபடாது, தளர விட்டால் ஒரு பக்கமாக எரியும். இதையெல்லாம் விரல்தான் அறியும். சுருட்டு இயந்திரங்கள் அமெரிக்காவில் பரவியதே 1920களில்தான். பரவியதும் சிறு பட்டறைகள் வேகமாக மூடுண்டன.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தடையும் உண்டு. சிகரெட்டுக்குரிய வெர்ஜினியா இலையைக் குழாய்ச் சூட்டில், புகை படாமல் மஞ்சளாக வாட்டுவார்கள். யாழ்ப்பாண இலை புகை குடித்துக் கறுத்த இலை. சிகரெட் ஆலைக்கு அது உதவாது, சுருட்டுக் கொட்டிலுக்கு அதுதான் உயிர்.

கேள்வி: எங்கள் புகையிலை கேரளத்துக்குப் போனதாமே? (வாசகர், தாவடி)

பதில்: ஆம், வெற்றிலையோடு மெல்லும் இலையாக. திருவிதாங்கூர் அரசு அதைத் தன் ஏகபோகமாக வைத்திருந்து, 1863இல் கைவிட்டு இறக்குமதி வரிக்கு மாறியது. பிற்காலத்தில் அந்தச் சந்தை சுருங்கச் சுருங்க, இலை சுருட்டாகித் தென்னிலங்கைக் கடைகளுக்குப் போகத் தொடங்கியது.