பெட்டியின் மேல் ஆறு இலக்கங்கள்

கேள்வி: பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரத்தில் வசிக்கிறேன். எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறையில் பழம்பொருள் விற்கும் ஒருவர், யுனைடெட் புரூவரீஸ் பெயர் அச்சிட்ட ஆறு பீர் கிளாஸ்களை அட்டைப்பெட்டியோடு காட்டி, வெள்ளைக்காரர் காலத்தவை என்று 9,000 ரூபாய் கேட்கிறார். பெட்டியில் பெங்களூர் முகவரியும் பின்கோடும் உள்ளன. 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வாங்க வேண்டாம். பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான். ஆகவே பெட்டி அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. கிளாஸ்கள் பழையவை, பெட்டி மட்டும் பிந்தியது என்று அவர் வாதிட்டால், பெட்டி கிளாஸின் வயதுக்குச் சாட்சியாகாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை இணைத்து 1915இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவற்றுள் மூத்ததான கேஸில் ஆலையின் தொடக்கம் 1857. நமக்குப் பக்கத்திலுள்ள நீலகிரியின் பெயரைத் தாங்கிய ஆலையும் அந்த ஐந்தில் ஒன்று என்பதால், இப்பொருள்கள் மீது நம் பகுதியினருக்குத் தனிப்பற்று இருப்பது இயல்பே. அந்தப் பற்றைப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வயதைக் கிளாஸின் வயதாக விற்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

கிளாஸைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பல ஆண்டுகள் மேசையில் புழங்கியதன் அடி விளிம்பில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். ஒரே திசையில் ஒழுங்காக இருந்தால் உப்புத்தாள் தேய்த்ததோ என்று ஐயுற வேண்டும். எழுத்தின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள்: சூளையில் சுட்ட வண்ணம் அசையாது, ஒட்டிய படம் உரியும். வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், அச்சு வாய்விளிம்பை ஒட்டியிருந்தால் அதில் எதையும் ஊற்றிக் குடிக்காதீர்கள்.

பிடித்திருந்தால், 1972க்குப் பிந்தையவை என்ற கணக்கில் விலை பேசி, அவர் சொல்லும் காலத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கடை கேரளத்தில் இருப்பது தடையல்ல, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.