வீராங்கனை என்ற பட்டம்

மதிப்பிற்குரிய அம்மா,

வங்கதேச விடுதலைப் போரைப் பற்றிய தங்கள் கட்டுரையில், பாகிஸ்தான் படையினரால் சீரழிக்கப்பட்ட பெண்களுக்கு அந்நாட்டு அரசு ‘வீராங்கனை’ என்று பட்டம் சூட்டியதைக் குறிப்பிட்டுவிட்டு, ‘அந்தப் பட்டம் நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்தது’ என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த வரி எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இத்தகைய பெண்களை மூடி மறைப்பதே உலக வழக்கமாக இருக்கும்போது, பிறந்து சில நாள்களே ஆன ஒரு நாடு அவர்களை வெளிப்படையாகப் போற்றியது பெரிய செயல் அல்லவா? இழந்த மானத்தை அரசே முன்வந்து திருப்பித் தந்ததில் குறை காண்பது நியாயமா?

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

இவ்வளவு கனமான விஷயத்தை ஒரே வரியில் முடித்தது என் தவறுதான்.

உங்களோடு நான் உடன்படும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் தொடங்கிய படுகொலை, டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு ஓய்ந்தது. வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் 2 லட்சம் பேர் என்று புதிய அரசு சொன்னது. (அந்த எண் கூடுதலா குறைவா என்ற தகராறு இன்றுவரை தீரவில்லை, நான் அதற்குள் போகவில்லை.) போர் முடிந்த கையோடு பட்டம் அறிவிக்கப்பட்டது, 1972-இல் மறுவாழ்வு வாரியம் அமைந்தது, கருக்கலைப்புக்கு வழி செய்யப்பட்டது, பிறந்த குழந்தைகளை வெளிநாட்டினர் தத்தெடுப்பதற்குத் தனி ஆணையும் வந்தது. கஜானா காலியாக இருந்த ஓர் அரசு இவ்வளவையும் செய்ய முனைந்தது எளிய காரியம் அன்று.

ஆனால் அந்தப் பட்டம் ஊருக்குள் போனபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள். வங்காளியர் நாவில் அது ‘பீராங்கனா’. நாம் புழங்கும் வீராங்கனையேதான். முதல் எழுத்து மட்டும் மாறினால் ‘பாராங்கனா’, அதாவது நம் பழைய நூல்களில் வரும் வாராங்கனை, விலைமகள். அந்த ஓர் எழுத்தை ஊரார் தாமே மாற்றிக்கொண்டார்கள். இப்பெண்களை மணந்துகொள்வது தேசக் கடமை என்று அரசு இளைஞர்களைக் கேட்டுக்கொண்டபோது, முன்வந்தவர்களில் சிலர் அந்தத் தியாகத்துக்கு வரதட்சிணையும் சேர்த்துக் கேட்டார்கள்.

ஊர் வாயைப் பழிப்பது எளிது. பட்டம் அவ்வளவு சுலபமாகத் திரிந்ததற்குக் காரணம் பட்டத்துக்குள்ளேயே இருந்தது என்பதுதான் என் வாதம். வங்கதேச மேடைகளில் பல்லாண்டுகளாக ஒலித்துவரும் ஒரு வாசகம் உண்டு: 30 லட்சம் தியாகிகளின் இரத்தத்தையும் 2 லட்சம் தாய்மார், சகோதரிகளின் மானத்தையும் விலையாகக் கொடுத்துப் பெற்ற சுதந்திரம். ஆண் கொடுத்தது உயிர், பெண் கொடுத்தது மானம் என்பது இதன் கணக்கு. உயிரைக் கொடுத்தவன் படமாகிச் சுவரில் தொங்குகிறான். மானத்தைக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறவளோ அதே தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து போகிறாள், அவளைப் பார்க்கும் ஒவ்வொருவனுக்கும் அவள் எதை இழந்தவள் என்பதை அந்த வாசகமே நினைவூட்டிவிடுகிறது. தவிர, வாசகத்தில் அவள் தாய் அல்லது சகோதரி, யாருக்கோ உறவு. அவளுக்கென்று ஒரு பெயர் அதில் இல்லை.

உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘இழந்த மானம்’ என்ற சொற்களில் நான் தயங்கி நின்றது இதனால்தான். நீங்கள் மட்டும் அப்படி எழுதவில்லை. போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பதற்காக 1949-இல் உருவான நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, தன் 27-ஆம் பிரிவில், பாலியல் வன்முறையைப் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதல் என்றே வகைப்படுத்தியது. 1998-இல் ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் அக்கயேசு வழக்கில், பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று தீர்ப்பளித்த பிறகே பேச்சு மானத்தை விட்டுக் குற்றத்துக்கு நகர்ந்தது. நம் நாளிதழ்கள் ‘கற்பழிப்பு’ என்ற சொல்லைக் கைவிட்டதும் வெறும் நாகரிகத்துக்காக அன்று. அழிந்தது இவளுடைய கற்பு என்பதற்கும், செய்தவன் செய்தது வன்கொடுமை என்பதற்கும் இடையில் யார் தலைகுனிய வேண்டும் என்பதே மாறிவிடுகிறது.

1971-ஐ நினைவுகூரும்போதெல்லாம் அங்கே திரும்பத் திரும்ப அச்சாகும் ஒரு புகைப்படம், நயீப் உத்தீன் அகமது எடுத்தது. விரிந்த கூந்தல் முகம் முழுவதையும் மூடியிருக்க, வளையணிந்த கைகள் இரண்டும் முகத்துக்கு முன் முஷ்டியாக இறுகியிருக்கும். வீராங்கனை என்றதும் அந்நாட்டார் கண்ணில் வருவது இந்த முகமில்லாத உருவம்தான். முகத்தோடு வந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு. 1971-இன் போர்க்குற்றவாளிகளை விசாரிக்க, 1992 மார்ச் 26 அன்று எழுத்தாளர் ஜஹானாரா இமாம் தலைமையில் டாக்காவில் மக்களே கூட்டிய, சட்ட அதிகாரமில்லாத ‘மக்கள் நீதிமன்றத்துக்கு’க் குஷ்டியா பக்கத்திலிருந்து மூன்று ஏழைப் பெண்கள் அழைத்துவரப்பட்டார்கள். அவர்களுடைய படங்கள் நாளிதழ்களில் வந்தன. ஊர் திரும்பியபோது அவர்களை வரவேற்றது ஏச்சும் ஏளனமும்தான். நடந்ததை அந்த ஊர் அறியாமல் இல்லை. இருபது ஆண்டுகளாகப் பேசாமல் வைத்திருந்ததை மேடை ஏற்றிவிட்டார்களே என்பதுதான் அதன் கோபம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போராளிகளின் முகாமில் சமையல் வேலைக்குப் போய், அங்கேயே துப்பாக்கி பிடிக்கக் கற்றுச் சண்டையிட்டவர் தாராமன் பீபி. 1973-இல் அவருக்கு ‘வீரப் பிரதீக்’ என்ற போர்வீர விருது அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியது 1995-இல். அந்த விருதைப் பெற்ற நானூற்றுச் சொச்சம் பேரில் பெண்கள் இரண்டே பேர், மற்றவர் மருத்துவரான சிதாரா பேகம். துன்பப்பட்ட பெண்ணுக்கு உடனே பட்டம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, துப்பாக்கி ஏந்திய பெண்ணின் வீட்டைக் கண்டுபிடிக்க 22 ஆண்டுகள் ஆயின. உருது பேசும் பிகாரிப் பெண்களிலும் வன்முறைக்கு ஆளானவர்கள் உண்டு. அவர்கள் தோற்ற பாகிஸ்தான் தரப்பாகக் கருதப்பட்டதால் எந்தப் பட்டியலிலும் இல்லை.

2014-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி, அடுத்த ஆண்டிலிருந்து வீராங்கனைகள் அரசிதழில் ‘விடுதலைப் போராளி’ என்று பதிவாகத் தொடங்கினார்கள். மாதப் படியும் போராளிகளுக்குரிய சலுகைகளும் அவர்களுக்குக் கிடைத்தன. இதுவரை அப்படிப் பதிவானவர்கள் சில நூறு பேர்தான். 2 லட்சம் என்ற எண்ணின் அருகில் அதை வைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் அதற்குள் இறந்திருப்பார்கள், பலர் பிள்ளைகளுக்கே சொல்லாததை விண்ணப்பத்தில் எழுத விரும்பியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காய்ந்த மரத்துண்டுகளிலும் வேர்களிலும் சிற்பம் செய்த பெர்தௌசி பிரியபாஷிணி, தனக்கு நேர்ந்ததைத் தன் பெயரோடும் முகத்தோடும், நெற்றியில் அந்தப் பெரிய பொட்டோடும் வெளியே வந்து சொன்னார். அந்தப் பட்டத்தை அவர் தள்ளிவிடவில்லை, 2018-இல் மறையும்வரை தன்னுடையதாகவே வைத்திருந்தார். ‘நன்மையைவிடத் தீமையே அதிகம்’ என்று நான் எழுதியபோது அவரை மறந்துவிட்டேன். நூலாகும்போது அந்த வரியை எடுத்துவிட்டு, பட்டத்தை அறிவித்தபோது அந்தப் பெண்களில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கவில்லை என்று மட்டும் எழுதப்போகிறேன்.