காத்ரியை அனுப்பியதைவிடப் பெரிய பிழை

வணக்கம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் (NHL) ஆடும் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் முன்னாள் பொது மேலாளர் கைல் டூபாஸ், 2019-இல் ஆட்டக்காரர் நாசிம் காத்ரியைக் கொலராடோ அணிக்கு மாற்றியதுதான் அவருடைய பெரும்பிழை என்று உங்கள் நண்பர் அடித்துப் பேசுவதாகவும், அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. கொலராடோ ஆடிய 2022 ஸ்டான்லி கோப்பை (லீக்கின் சாம்பியன் பட்டம்) இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், கட்டைவிரல் அறுவைச் சிகிச்சை முடிந்து அன்றுதான் களத்துக்குத் திரும்பிய காத்ரி, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்ததைப் பார்த்த எந்த லீஃப்ஸ் ரசிகருக்கும் வயிறு எரிந்திருக்கும். ஆனால் லீஃப்ஸுக்காக ஆடியபோது, பாஸ்டனுக்கு எதிரான 2018, 2019 பிளேஆஃப் (பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்று) தொடர்கள் இரண்டிலும் முரட்டு ஆட்டத்துக்காகத் தடை பெற்று, தேவையான நேரத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவரும் இதே காத்ரிதான்.

என் பார்வையில் பிழை சம்பளப் பேரத்தில் இருக்கிறது. டவாரஸ், மாத்யூஸ், மார்னர், நைலாண்டர் ஆகிய லீஃப்ஸ் நட்சத்திரங்கள் நால்வர் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலரை, அதாவது ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்துத் தரக்கூடிய 8.15 கோடி டாலர் சம்பள உச்சவரம்பில் ஏறத்தாழப் பாதியை, எடுத்துக்கொண்டனர். பெருந்தொற்றால் அந்த வரம்பு உயராமல் நின்றது டூபாஸின் குற்றமன்று. ஆயினும், மார்னருக்கு 1.09 கோடி என்று இறங்கிப்போன மேலாளரிடம், 2021-இல் மற்றொரு லீஃப்ஸ் வீரரான சாக் ஹைமனை ஆண்டுக்கு 55 லட்சத்துக்குத் தக்கவைக்கப் பணம் இல்லாமல் போயிற்று. எட்மன்டன் அணிக்குச் சென்ற ஹைமன் 2023-24 பருவத்தில் 54 கோல்கள் அடித்தார். நண்பரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.