ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கனெக்டிகட் மாநிலத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் பணியில் இருக்கிறேன். சென்ற ஆண்டுதான் கிரீன் கார்டு கிடைத்தது. ஐம்பது வயதுக்கு மேல் இந்த வேலை நிலைக்குமா என்ற பயத்தில் வாடகை வருமானத்துக்கு வழி தேடத் தொடங்கினேன். ஓர் இணையப் பயிற்சியில் சேர்ந்து, சொந்தப் பணம் போடாமல் சிறிய பல்குடித்தன வீடுகளை வாங்கும் முறைகளைக் கற்றுக்கொண்டேன். 'கிரியேட்டிவ் ஃபைனான்சிங்' என்கிறார்கள்.

இப்போது நான்கு குடித்தனங்கள் உள்ள பழைய வீடு ஒன்று அமைந்திருக்கிறது. விலை 6 லட்சம் டாலர். உரிமையாளருக்கு 72 வயது; வீட்டின் மேல் கடன் இல்லை. அவரே எனக்குக் கடன் கொடுக்கச் சம்மதிக்கிறார்: 10 சதவீதம் முன்பணம், மீதிக்கு 5 சதவீத வட்டி, 30 ஆண்டுக் கணக்கில் மாதத் தவணை, ஐந்தாம் ஆண்டின் முடிவில் பாக்கி முழுவதையும் ஒரே தொகையாகக் கொடுத்துவிட வேண்டும். முன்பணம் 60,000 டாலரை நான் குடியிருக்கும் வீட்டின் மேல் கடனாக எடுப்பேன். நான்கு வாடகையும் சேர்ந்து 6,000 டாலர் வருகிறது. தவணை 2,900, சொத்து வரியும் காப்பீடும் 1,200. மாதம் 1,900 டாலர் மிஞ்சும்.

இதைவிட, நானே குடியிருக்கப்போவதாகச் சொல்லி அரசு காப்பு அளிக்கும் எஃப்.எச்.ஏ. கடனில் மூன்றரை சதவீதம் மட்டும் முன்பணம் கட்டி வாங்குவது நல்லதா? அல்லது டூப்ளெக்ஸ் எனப்படும் வேறோர் இருகுடித்தன வீட்டை, அதன் உரிமையாளர் 2021இல் வாங்கிய 3 சதவீத வங்கிக் கடன் அவர் பெயரிலேயே தொடர, நான் வாங்கிக்கொள்வதா? எல்.எல்.சி. என்ற தனி நிறுவனம் தொடங்கிவிட்டு வாங்க வேண்டுமா? என் மனைவி எதுவுமே வேண்டாம் என்கிறாள். நீங்கள் இந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். 2007ஆம் ஆண்டின் வாடகை ரசீது ஒன்று அகப்பட்டது. அதில் கையெழுத்திட்ட மனிதரைப் பற்றி இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்த வேளையில் நீங்கள் எழுதியிருக்காவிட்டால், இது எனக்குரிய விஷயமல்ல என்று சொல்லி ஒதுங்கியிருப்பேன்.

எல்.எல்.சி. பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். வாங்குவது உறுதியானால் ஒரு வழக்கறிஞர் அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

எஃப்.எச்.ஏ. பற்றிய வரியை மூன்று முறை படித்தேன். "நானே குடியிருக்கப்போவதாகச் சொல்லி" என்று எவ்வளவு இயல்பாக எழுதியிருக்கிறீர்கள்! அந்தக் கடனின் நிபந்தனை அறுபது நாட்களுக்குள் குடிபுகுந்து குறைந்தது ஓராண்டு அங்கே வாழ்வது. குடிபோகும் எண்ணமே இல்லாமல் அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதற்குப் பெயர் பொய் வாக்குமூலம். கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கு 30 ஆண்டுகள் வரை சிறையும் 10 லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகள் வரிசையில் நின்றவர் எழுதும் வரியா இது? பயிற்சி நடத்தியவர் இதை ஒரு வழியாகச் சொல்லிக்கொடுத்திருந்தால், கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உண்மையாகவே குடிபுகுவதாக இருந்தாலும் இந்த வீட்டுக்கு அந்தக் கடன் தேறாது. மூன்று, நான்கு குடித்தன வீடுகளுக்கு எஃப்.எச்.ஏ. ஒரு சோதனை வைத்திருக்கிறது: மொத்த வாடகையில் 75 சதவீதம், கடன் தவணை, வரி, காப்பீடு அனைத்தையும் தாங்க வேண்டும். உங்களுக்கு அது 4,500 டாலர். ஆறரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், கடன் காப்பீட்டுக் கட்டணத்தையும் சேர்த்து மாதச் செலவு 5,100 டாலரைத் தாண்டுகிறது.

டூப்ளெக்ஸ் விஷயத்தில் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. 2021 ஜனவரியில் முப்பதாண்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. அந்த வட்டியை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? ஆனால் வீடு கைமாறினால் கடன் முழுவதையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு என்பதை 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மைன் சட்டம் உறுதி செய்திருக்கிறது. வீட்டை ஓர் அறக்கட்டளையின் பெயரில் வைத்து அதன் பயனாளியை மாற்றிவிட்டால் வங்கி கேட்க முடியாது என்று உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். அச்சட்டம் தரும் விலக்கு, கடன் வாங்கியவரே பயனாளியாக நீடிக்கும் வரைதான். வங்கிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பது உண்மை. நீங்கள் ஒரு தவணை தவறினால், வீட்டைத் தந்துவிட்டு வேறு ஊரில் பிழைக்கும் ஒருவரின் கடன் மதிப்பெண் விழும் என்பதும் உண்மை. அவர் பெயரை இரவல் வாங்கி நீங்கள் வாடகை வசூலிப்பதில் சாமர்த்தியம் இருக்கலாம்; எனக்கு அது கூச்சமாக இருக்கிறது.

இனி அந்த நான்கு குடித்தன வீட்டுக்கு வருவோம். 1,900 டாலர் மிஞ்சும் என்கிறீர்கள். முன்பணத்துக்காக எடுக்கப்போகும் 60,000 டாலர் கடனின் தவணை அந்தக் கணக்கில் எங்கே? எட்டு சதவீத வட்டிக்குப் பதினைந்து ஆண்டுக் கடன் என்றாலும் மாதம் 570 டாலருக்கு மேல். காலியாகக் கிடக்கும் மாதங்கள் எங்கே? தண்ணீர், பனி அள்ளுதல், கூரை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் எங்கே? எழுத மறந்தீர்களா, எழுத மனம் வரவில்லையா?

ரசீதில் கையெழுத்திட்டவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். மாசச்சூசெட்ஸின் வூஸ்டர் நகரில், மூன்று தளங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று குடித்தனங்களாக அமைந்த மர வீடு அது; ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட அவ்வகை வீடுகள் அந்நகர் முழுவதும் உண்டு. நான் நடுத்தளத்தில் இருந்தேன். அண்ணாச்சி மேல்தளத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார். 2004இல் ஒரு விதவை மூதாட்டியிடமிருந்து அந்த வீட்டை வாங்கியிருந்தார். வங்கியில் அவருக்குக் கடன் கிடைக்கவில்லை. மூதாட்டியே கடன் கொடுத்தார். ஐந்து ஆண்டுகள், கடைசியில் பாக்கி முழுவதும். அதற்குள் வங்கிக் கடனுக்குத் தகுதி பெற்றுவிடலாம் என்று இருவருமே நம்பினார்கள்.

ஒரு ஜனவரி இரவு, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர், வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் அனைத்தும் சில்லிட்டுப் போயின. நிலவறைக்கு இறங்கினேன். அண்ணாச்சி கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு பாய்லருக்கு முன் குந்தியிருந்தார். பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரிய வேண்டும். அதில் துருச்சேறு மட்டும் நின்றது. அடிக்குழாயைத் திறந்து அந்தச் சேற்றை வாளி வாளியாக வடித்தார். கைகள் முழங்கை வரை செங்கல் நிறம். நான் வாளியை ஏந்தி ஏந்தி வெளியே கொட்டினேன். விடிந்தபின் வந்த பழுதுபார்ப்பவர், பாய்லர் உள்ளே விரிசல் விட்டுவிட்டது, புதிதுதான் வேண்டும் என்றார். வங்கிக் கடனுக்குத் தகுதி காட்டுவதற்காக அண்ணாச்சி மூன்று ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்த பணம் அந்த ஒரே வாரத்தில் போயிற்று. அது 2008ஆம் ஆண்டு. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தது.

2009 வசந்தத்தில் ஐந்து ஆண்டுகள் முடிந்தன. ஒரு தவணைகூடத் தவறாத மனிதர். அவர் ஏறி இறங்கிய எந்த வங்கியும் கடன் தரவில்லை; வீட்டின் மதிப்பு பாக்கிக்கும் கீழே இறங்கியிருந்தது. மூதாட்டியிடம் இன்னும் இரண்டு ஆண்டுகள் அவகாசம் கேட்டார். அவள் கொடுமைக்காரியல்ல. முதியோர் இல்லத்துக்குக் கட்ட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள். அண்ணாச்சி வீட்டை அவள் பெயருக்கே திருப்பி எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு வாடகை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த மாதம் முதல் தேதியன்று, எழுபத்தெட்டு வயதில், நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் என் கதவைத் தட்டினாள். வாடகை வாங்கிக்கொண்டு, தயங்கி நின்று, கீழே புது பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாள். அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அதன் பிறகு நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஆகவே, க., வட்டி ஐந்தா ஆறா என்பதில் எனக்கு அக்கறையில்லை. எனக்கு அந்தத் தேதிதான் முக்கியம். கணக்கை என்னோடு சேர்ந்து போடுங்கள். 5,40,000 டாலர் கடனுக்கு மாதம் 2,899 வீதம் அறுபது தவணை கட்டினால், கிட்டத்தட்ட 1,74,000 டாலர் கொடுத்திருப்பீர்கள். அசலில் குறைந்தது 44,000தான். பாக்கி ஏறத்தாழ 4,95,900. அன்று வங்கிக்குப் போகிறீர்கள். நீங்கள் குடியிருக்காத நான்கு குடித்தன வீட்டுக்கு, வங்கிகளின் வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் மறுகடன் கிடையாது. வீடு இன்றைய விலையிலேயே நின்றால் 4,50,000 கிடைக்கும். 46,000 டாலரை நீங்கள் ரொக்கமாக வைக்க வேண்டும். விலை பத்து சதவீதம் ஏறினால் 4,95,000. அப்போதும் கடன் முடிக்கும் செலவு உங்கள் கையிலிருந்துதான். பத்து சதவீதம் இறங்கினால் 91,000 டாலர் குறையும். ஐந்து ஆண்டுகளில் வீடு பத்து சதவீதமாவது ஏறியே தீர வேண்டும், வட்டி ஏறக் கூடாது, உங்கள் வேலையும் அன்று இருக்க வேண்டும். வேலை நிலைக்காது என்ற பயத்தில்தானே இதில் இறங்குகிறீர்கள்? 2018 இலையுதிர்காலத்தில் இப்படி ஐந்தாண்டுக் கெடுவுக்குக் கையெழுத்திட்டவர்களின் தேதி எப்போது வந்தது தெரியுமா? 2023 அக்டோபரில். சராசரி வட்டி 7.79 சதவீதத்தைத் தொட்ட மாதம்.

விற்பவரே கடன் கொடுப்பதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போலச் சொல்கிறார்கள். சிகாகோவில் 1950களிலும் 60களிலும் கருப்பின மக்களுக்கு வீடு விற்கப்பட்டது பெரும்பாலும் இந்த வழியில்தான். 1934இல் தோன்றிய அதே எஃப்.எச்.ஏ., அவர்கள் வாழ்ந்த பகுதிகளின் கடன்களுக்குக் காப்பு அளிக்க மறுத்தது. வங்கிகள் கதவை மூடின. ஊக வணிகர்கள் இருமடங்கு விலை சொல்லித் தவணைக்கு விற்றார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் பெயரில் இருக்கும். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். 1968இல் லாண்டேல் பகுதியில் அவர்கள் சங்கம் கூடித் தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவர்கள் இழந்தது 300 கோடி முதல் 400 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. இதைச் சொல்வது உங்களை மிரட்டுவதற்காக அல்ல. உங்களுக்கு வீடு விற்கும் பெரியவர் நீட்டும் காகிதத்தில், அதே முறையின் பெயரான 'கான்ட்ராக்ட் ஃபார் டீட்' என்று தலைப்பிட்டிருந்தால், பேனாவைச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். முதல் நாளே பத்திரம் உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். அவருக்கு அந்த வீட்டின் மேல் அடமானம் இருக்கட்டும்.

அந்தப் பெரியவர் சம்மதிப்பதற்கும் காரணம் உண்டு. வீட்டைத் தவணையில் விற்றால் ஆதாயத்தின் மேலான வரியின் பெரும்பகுதியை, பணம் வர வரக் கட்டிக்கொள்ளலாம். மொத்தமும் ஐந்தாம் ஆண்டில் வந்து விழுவதைவிடப் பத்து, பதினைந்து ஆண்டுகளாகப் பிரிந்து வருவது அவருக்கும் நல்லதாக இருக்கக்கூடும். கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். பயிற்சியில் 'ஐந்து' என்று சொன்னார்கள், நீங்களும் ஐந்து என்றீர்கள். பத்து ஆண்டுகள் கேளுங்கள். அதற்குப் பின்னும் ஓராண்டு வீதம் இருமுறை நீட்டிக்கும் உரிமையை, இன்ன கட்டணம் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். வட்டியை அரை சதவீதம் கூட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அவர் ஐந்துதான் என்று பிடிவாதமாக நின்றால், ஏன் என்று கேளுங்கள். பதில் முதியோர் இல்லம் என்றால், அந்த வீட்டை வாங்காதீர்கள்.

உங்கள் மனைவி வேண்டாம் என்கிறார் என்று எழுதியவர், ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஒரு வரியும் எழுதவில்லை. குடியிருக்கும் வீட்டை அடகு வைத்து எடுக்கும் 60,000 டாலர் அவருடையதும்தான். இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டுங்கள், என்னைத் திட்டினாலும் சரி.

கேட்ட மூன்றில் எது சிறந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. முதலில் சனிக்கிழமை அந்த வீட்டின் நிலவறைக்கு இறங்குங்கள். கைவிளக்கு எடுத்துப் போங்கள். பாய்லரின் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும், தூசியைத் துடைத்தால் பெரும்பாலும் செய்த ஆண்டு தெரியும். கண்ணாடிக் குழாய் இருந்தால், அதில் நிற்பது தண்ணீரா சேறா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.