முன்னாள் பிரதமர் மேல் வழக்குப் போட்டால் யாருக்கு லாபம்?

கேள்வி: 2025 ஆகஸ்டில் இலங்கையில் முன்னாள் அதிபர் ரணில் விக்கிரமசிங்கவைக் கைது செய்து, நான்கு நாளில் ஜாமீனில் விட்டார்கள். எங்கள் வேதாரண்யத்துக்கு எதிர்க்கரையில் நடக்கிற காரியம் இங்கே நடக்குமா? முன்னாள் பிரதமர் மேல் வழக்குப் போட முடியுமா? போட்டால் யாருக்கு லாபம்?

போட முடியும். இந்திரா காந்தி, நரசிம்ம ராவ் மேல் போட்டும் இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 361ஆவது பிரிவு கிரிமினல் வழக்கிலிருந்து காப்பது குடியரசுத் தலைவரையும் ஆளுநரையும் மட்டும்தான், அதுவும் பதவியில் இருக்கும் வரை. பிரதமருக்கு அந்தக் குடை எப்போதுமே கிடையாது.

ஆனால் மேட்டூரில் ஷட்டரைத் தூக்கிய அன்றே கடைமடை நனைந்துவிடுமா? எஃப்.ஐ.ஆர். என்பது ஷட்டர் தூக்குவது மாதிரி. நடுவில் அடைபடுகிற இடங்கள் நிறைய.

முதல் அடைப்பு அனுமதி ஆணை. ஊழல் தடுப்புச் சட்டம் 19ஆவது பிரிவுப்படி, அரசின் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுக்காது. முன்பெல்லாம் பதவி போனவருக்கு இது தேவைப்படவில்லை. 2018 ஜூலையில் வந்த திருத்தம் முன்னாள்களையும் இதற்குள் கொண்டுவந்தது. அதே திருத்தத்தில் 17ஏ பிரிவும் வந்தது: பதவியில் இருந்தபோது எடுத்த முடிவைப் பற்றி போலீஸ் விசாரணை தொடங்கவே முன் அனுமதி வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்டால் மட்டும் விலக்கு. இரண்டிலும் மூன்று மாத அவகாசம், மேலே ஒரு மாதம் நீட்டிக்கலாம். அனுமதி தருவது மத்திய அரசு, அதாவது அநேகமாக அவரைத் தோற்கடித்து வந்தவர்கள். பழிவாங்கல் என்ற பேச்சு இங்கேயே பிறந்துவிடுகிறது. அனுமதி தருகிற அதிகாரி ஆவணங்களைப் படித்து, தானே யோசித்து முடிவெடுத்ததாக ஆணையிலேயே தெரிய வேண்டும். தட்டச்சு செய்து வந்த வரைவில் கையெழுத்து மட்டும் போட்டால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்தத் தாளைத்தான்.

அடுத்து, அவசரம். 1977 அக்டோபர் 3 மாலை இந்திரா காந்தியை சி.பி.ஐ. கைது செய்தது. தேர்தலுக்கு ஜீப்புகள் வாங்கியது ஒன்று, எண்ணெய் ஒப்பந்தம் ஒன்று, இவைதான் குற்றச்சாட்டு. டெல்லியிலிருந்து ஹரியானா பக்கம் படகல் ஏரிக்கு வண்டி கிளம்பியது. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் இறங்கி மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். டெல்லி எல்லையைத் தாண்டிக் கொண்டுபோக உத்தரவு எங்கே என்று பின்னால் வந்த வக்கீல்கள் கேட்க, அதிகாரிகளிடம் பதில் இல்லை. வண்டி திரும்பியது. மறுநாள் மாஜிஸ்திரேட், குற்றச்சாட்டை நம்ப முகாந்திரம் இல்லை என்று நிபந்தனை இல்லாமலே விடுவித்தார். நெருக்கடி நிலையின் அட்டூழியங்கள் மலை மாதிரி கிடக்க, ஜீப் கணக்கைத் தூக்கிக்கொண்டு போனது ஜனதா அரசின் முட்டாள்தனம் என்பது என் கருத்து.

எல்லைத் தகராறை ரயில்வே கேட்டோடு முடிந்த சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். பிரேசிலில் முன்னாள் அதிபர் லூலா ஊழல் வழக்கில் 580 நாள் சிறையில் இருந்தார். அந்த வழக்குகளை விசாரிக்க குரிட்டிபா நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை என்று 2021இல் தீர்ப்புகள் ரத்தாயின. 2022 தேர்தலில் ஜெயித்து அவர் மறுபடி அதிபர் ஆனார்.

மூன்றாவது, சாட்சி. நரசிம்ம ராவ் வழக்கில் சம்பவம் 1993 நம்பிக்கையில்லாத் தீர்மானம். எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்ததாக 2000இல் தனி நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டித்தது. 2002இல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, அப்ரூவரின், அதாவது குற்றம் சாட்டப்பட்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவரின், வாக்குமூலத்தை நம்ப முடியாது என்று. பணம் வாங்கி ஓட்டுப் போட்டவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 105(2) பிரிவின்படி விலக்கு உண்டு, கொடுத்தவர்களுக்கு இல்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 1998 தீர்ப்பின் வேடிக்கை தனி. அதைத் திருத்த 2024 மார்ச் வரை ஆனது.

நம்மூர்ப் பாடம் ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு. அவர் முன்னாள் முதல்வர், பிரதமர் அல்ல. ஆனாலும் கோளாறுகள் அத்தனையும் ஒரே கோப்பில் கிடக்கும். 2001இல் அவர் மறுபடி ஆட்சிக்கு வந்தபின் 76 சாட்சிகளைத் திரும்ப அழைத்தார்கள். 64 பேர் முன்சொன்னதை மாற்றினார்கள். அரசு வக்கீல் அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக்கூட இல்லை. அதனால்தான் 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை பெங்களூருவுக்கு மாற்றியது. 2014இல் நான்கு ஆண்டு சிறை, 100 கோடி அபராதம். 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்த தீர்ப்பில், வருமானக் கணக்கில் சேர்த்த கடன் தொகைகளைக் கூட்டி 24.17 கோடி என்று போட்டிருந்தார்கள். அதே வரிகளைக் கூட்டினால் 10.67 கோடிதான் வரும். பதின்மூன்றரைக் கோடி காகிதத்திலேயே விளைந்துவிட்டது! உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் அந்த விடுதலையை ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை.

தேர்தலில் நிற்பது பற்றிப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வழக்கு நடப்பதோ குற்றப்பத்திரிகையோ யாரையும் தடுக்காது. பொதுவாக, குற்றவாளி என்று தீர்ப்பாகி இரண்டு ஆண்டோ மேலோ தண்டனை வந்தால்தான் தகுதியிழப்பு. சிறையிலிருந்து வந்தபின்னும் ஆறு ஆண்டு அது தொடரும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் அபராதம் மட்டும் விதித்தாலே போதும், ஆறு ஆண்டு போய்விடும். உச்ச நீதிமன்றத்தின் 2013 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீடு போட்டு எம்.பி. பதவியைக் காப்பாற்ற முடியாது. மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்தி வைத்தால் ஜாமீன் கிடைக்கும், பதவி கிடைக்காது. குற்றத்தீர்ப்புக்கே ஸ்டே வாங்க வேண்டும். 2023 மார்ச்சில் பதவி இழந்த ராகுல் காந்தி ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்குத் திரும்பியது அப்படித்தான்.

லாபம் யாருக்கு என்பது கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவே எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. ஆதாரம் முற்றுமுன் கைது செய்தால் அனுதாபம் முந்திக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் 2021இல் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை போனபோது கலவரத்தில் 300 பேருக்கு மேல் செத்தார்கள். ஊழல் வழக்கு அப்போதும் முடிந்திருக்கவில்லை.

இந்திராவும் அந்த ஒரு ராத்திரியை வைத்தே எழுந்தார். 1978 நவம்பரில் சிக்மகளூரில் ஜெயித்தார். டிசம்பரில் உரிமை மீறல் என்று மக்களவை அவரை நீக்கி, கூட்டத்தொடர் முடியும்வரை திகார் சிறைக்கு அனுப்பியது. 1979இல் நம் தஞ்சாவூர் மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலில் நிற்கலாம் என்று பார்த்தார். முதலில் ஆதரவாக இருந்த எம்.ஜி.ஆர். பிறகு பின்வாங்கிவிட, அவர் நிற்கவில்லை. அந்த ஜூலையிலேயே மொரார்ஜியின் ஜனதா அரசு போனது. 1980 ஜனவரியில் அவர் மறுபடி பிரதமர். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அவருடைய கூட்டணிக்கு 37, எம்.ஜி.ஆருக்கு 2. ஜீப் வழக்கு என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.