வெரிகோஸ் புண் பரம்பரையா? சிலருக்கு ஏன் ஆறுவதே இல்லை?

கணுக்காலுக்கு மேல், பெரும்பாலும் உட்புறத்தில் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பது வெரிகோஸ் புண். கால் ரத்தத்தை மேலே அனுப்பும் சிரைகளுக்குள் சிறு வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு ஒழுகினால் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்குமே, அப்படித்தான் இந்த வால்வு பழுதானால் ரத்தமும் கீழிறங்கித் தேங்கும். தேங்கிய ரத்தத்தின் சிவப்பணுக்கள் கசிந்து, இரும்பு தோலில் படியும். தோல் பழுப்பாகும், லேசாக இடித்தாலே புண்ணாகும்.

மரபணுவுக்கும் பங்குண்டு. வால்வு உருவாக ஃபாக்ஸ்-சி2 என்ற மரபணு தேவை. இரும்பைக் கட்டுப்படுத்தும் எச்எஃப்இ மரபணுவின் ஒரு மாற்றம் ஐரோப்பியரிடம் புண் அபாயத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது; நம்மவரிடம் அது மிக அரிது. ஈரோட்டிலோ சோமனூரிலோ தறி முன்னால் நாள் முழுக்க நிற்பதும், உடல் எடையும், முன்பு சிரைக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்ததும்தான் இங்கே முதலில் பார்க்க வேண்டியவை.

மருந்தைவிட முக்கியம் அழுத்தக் கட்டு: விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம். கட்டும் முன் டாப்ளரில் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தை அறியும் கருவி) காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் ஓட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அடைப்பிருந்தால் இறுக்கிய கட்டே காலைக் கெடுத்துவிடும்.

“வம்சத்துப் புண், ஆறாது” என்பது தவறு: ஒழுங்காகக் கட்டினால் பெரும்பாலானவை ஆறும், ஆறியதும் அழுத்தக் காலுறையைக் கழற்றிப் போடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.