மாற்றிக் கட்டிய பஸ்ஸின் பின்னால் மூடிய டிரெய்லரைப் பாதுகாப்பாக இழுத்துச் செல்வது எப்படி?

கேள்வி கேட்டவர் பாளையங்கோட்டைப் பக்கம் இன்னிசைக் குழு நடத்துகிறவர். பழைய பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கைகளும் உடை மாற்ற ஓர் அறையும் அமைத்திருக்கிறார். ஒலிபெருக்கி, விளக்கு, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மூடிய டிரெய்லரில் ஏற்றிப் பின்னால் மாட்டிக்கொண்டு கோயில் கொடை விழாக்களுக்குப் போக வேண்டுமாம். "பஸ்ஸின் எஞ்சினுக்கு 2 டன் டிரெய்லர் ஒரு பொருட்டா?" என்றும் கேட்டிருக்கிறார்.

எஞ்சினுக்குப் பொருட்டே இல்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. காரின் பின்னால் டிரெய்லரை மாட்டினால் அது லேசாக ஆடினாலும் ஓட்டுநரின் முதுகுக்குத் தெரிந்துவிடும். பத்து டன்னுக்கு மேல் கனக்கும் பஸ்ஸில் அப்படித் தெரியாது. டயர் வெடித்து ரிம்மில் உருண்டு வந்தால்கூட, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துச் சொன்னால்தான் உண்டு. ஆகவே ஓட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு, வண்டி கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலையாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். நானும் விழாக்களுக்கு ஒலி, ஒளி அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். எங்கள் சாமான்களும் இப்படித்தான் ஊர் ஊராகப் போகின்றன.

முதலில் கொக்கி. நம் ஊர்ப் பட்டறையில் டிரெய்லர் என்றதும் டிராக்டருக்குப் போடும் வளையத்தையும், அதில் செருகும் இரும்புப் பின்னையும்தான் எடுத்து நீட்டுவார்கள். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் அது போதும். வளையத்துக்கும் பின்னுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியால் ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் டிரெய்லர் ஒரு குத்து குத்தும். மணிக்கு 20 கிலோமீட்டரில் அது சத்தம் மட்டுமே. நான்குவழிச் சாலையில் 60இல் போகும்போது வெல்டிங்கைத் தின்றுவிடும். எடை அளவு பொறித்த பந்தும், அதன்மேல் கவ்வி உட்காரும் கிண்ணமும் உள்ள இணைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அதை எங்கே பொருத்துவது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் இந்தப் பழக்கம் பழையது. கிரேஹவுண்ட் என்ற வெளியூர் பஸ் நிறுவனம் ஓட்டிக் கழித்த, எம்.சி.ஐ. நிறுவனம் தயாரித்த பஸ்களை வாங்கி வீடாக மாற்றிக்கொண்டு, பின்னால் ஒரு மூடிய டிரெய்லரையும் இழுத்துப் போகிறவர்கள் அங்கே உண்டு. அந்த பஸ்களில் எஞ்சின் பின்னால் இருக்கும். லாரிக்கு இருப்பதுபோல் நீளமான தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, கூடு முழுவதும் சேர்ந்துதான் சுமையைத் தாங்குகிறது. அதனால் கொக்கியை பம்பரில் மாட்டாமல் உள்ளே உள்ள கட்டமைப்போடு இணைக்க அவர்கள் தனி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நம் லேலண்ட், டாடா பஸ்களில் பெரும்பாலும் சேஸிஸ் தனியாக இருப்பதால் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் கரூரிலோ வேறு எங்கோ பாடி கட்டும்போது, டிக்கிக்கு இடம் வேண்டுமென்று சேஸிஸின் வால் பகுதியில் துண்டு சேர்த்து நீட்டியிருப்பார்கள். பெட்டிகளைத் தாங்கத்தான் அந்த நீட்டல், இழுப்பதற்கு அல்ல. பஸ்ஸுக்கு அடியில் படுத்து, விளக்கடித்து, ஒட்டு எங்கே இருக்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கொக்கியின் தாங்கிகள் அந்த ஒட்டைத் தாண்டி, மூல சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும்.

பின் சக்கரத்துக்குப் பின்னால் பஸ் எவ்வளவு நீண்டிருக்கலாம் என்பதற்கு நம் விதியில் வரம்பு இருக்கிறது: முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் 60 சதவீதம். அந்த வரம்புக்குள் இருந்தாலும் கொக்கி ஒரு நெம்புகோலின் நுனியில்தான் இருக்கிறது. சக்கரங்களுக்கு நடுவே 5.4 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியின்மேல் 250 கிலோ இறங்கினால் பின் அச்சில் ஏறுவது 250 அல்ல, ஏறத்தாழ 390. முன் அச்சிலிருந்து 140 கிலோ கழிகிறது. அது மட்டும் என்றால் பஸ் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே டிக்கியில் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி என்று அடைத்திருந்தால் ஸ்டியரிங் லேசாகி, வண்டி மிதப்பதுபோல் போகும். தொட்டியையும் பேட்டரியையும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே கொண்டுவந்துவிடுங்கள்.

அப்படியானால் கொக்கியின்மேல் எடையே இல்லாமல் சமமாக ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியை அழுத்த வேண்டும். 2 டன் என்றால் 200 முதல் 300 கிலோ. பின்பாரம் கூடினால் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்த ஆட்டம் அடங்காமல் ஒவ்வொரு வீச்சிலும் பெருகும். பஸ்ஸின் நீண்ட வால் அந்த ஆட்டத்துக்கு இன்னும் கை கொடுக்கும்.

நம் தொழிலில் பின்பாரம் எப்படி வருகிறது தெரியுமா? இறக்கும் வரிசையால். கோயில் திடலுக்குப் போனதும் முதலில் வேண்டியது ஜெனரேட்டர். ஆகவே அதைக் கடைசியில், பின்கதவை ஒட்டி ஏற்றுகிறார்கள். அடுத்து வேண்டியவை பெரிய ஒலிபெருக்கிகள், அவையும் பின்னால். கனமில்லாத துணித் திரை, வயர்க் கட்டுகள் எல்லாம் முன்னால். தலைகீழான ஏற்றம். திரும்பும்போது இன்னும் மோசம். நள்ளிரவுச் சாமக்கொடை முடிந்து, விடியப் போகிற நேரத்தில் தூக்கக் கண்ணோடு பையன்கள் கைக்கு வந்ததைத் தூக்கி எறிவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, டிரெய்லரைத்தான் அதற்கேற்றபடி கட்ட வேண்டும். முன்பகுதியில், இடப்பக்கம் ஓர் அகலமான கதவு வையுங்கள். ஜெனரேட்டர் அந்தக் கதவு வழியாக ஏறி, அச்சுக்குச் சற்று முன்னால் நான்கு போல்ட்டில் நிரந்தரமாக உட்காரட்டும். கதவைத் திறந்து அங்கேயே வைத்து ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சூடும் புகையும் தேங்காதபடி தனி வழி செய்யாமல் மூடிய பெட்டிக்குள் ஜெனரேட்டரை இயக்கக் கூடாது. ஒலிபெருக்கிகளின் இடத்தைத் தரையில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போட்டுக் குறித்துவிடுங்கள். கட்டத்துக்குள் பெட்டி இல்லையென்றால் வண்டி கிளம்பாது என்பதை ஓட்டுநரின் அதிகாரமாக ஆக்குங்கள்; குழுவின் பாடகர் அவசரப்படுத்தினாலும் சரி.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். அரிசி ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எடைமேடைக்கு, முழு ஏற்றத்தோடு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். டிரெய்லரைத் தனியாகக் கழற்றி மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு பஸ்ஸில் மாட்டி, பஸ் மேடைக்கு வெளியிலும் டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையிலும் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு சீட்டு. முதல் சீட்டு 2,000, இரண்டாவது 1,760 என்றால் கொக்கியின்மேல் 240 கிலோ, அதாவது 12 சதவீதம். வித்தியாசம் 100 கிலோ என்று வந்தால் அங்கேயே சாமானை முன்னால் நகர்த்துங்கள். இரண்டு முறையும் டிரெய்லர் தரைக்கு மட்டமாக நிற்க வேண்டும்; மூக்குத் தூக்கி நின்றால் கணக்கு பொய் சொல்லும்.

பிரேக் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அமெரிக்காவில் இந்த அளவு டிரெய்லர்களில் மின்சாரத்தால் இயங்கும் பிரேக்குகள்தான் வழக்கம். இங்கே அதை வரவழைத்துப் பொருத்தினால், ஒரு சாதாரண பாகம் கெட்டாலும் பார்க்க ஆள் தேட வேண்டும். உங்கள் பஸ்ஸில் காற்று பிரேக் இருக்கிறது. சிறிய லாரியின் அச்சும் அதன் காற்றுப் பிரேக்கும் போட்டால், எந்த ஊர் லாரிப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். ஆனால் பஸ்ஸின் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து நீட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு மெக்கானிக் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். பின்குழாய் அறுந்தால் பஸ்ஸின் காற்றும் சேர்ந்து போய்விடும். பஸ் பக்கம் ஒரு காப்பு வால்வு வேண்டும். டிரெய்லரில் தனிக் காற்றுத் தொட்டியும், குழாய் அறுந்த நொடியில் அந்தத் தொட்டியின் காற்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் வால்வும் வேண்டும். கழன்றுபோன டிரெய்லரின் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்பது அமெரிக்க வணிக வாகன விதி. நாமும் அதை அளவுகோலாக வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுக் குழாயைக் கழற்றுங்கள். கட்டையை மெல்ல இழுத்துப் பாருங்கள்.

சங்கிலி இரண்டு, கொக்கிக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் போகும்படி. கொக்கி கழன்றால் டிரெய்லரின் மூக்கு தார்ச் சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் விழும். விளக்கு வயரில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பெரிய பஸ்களில் பெரும்பாலும் 24 வோல்ட், 12 வோல்ட் பல்பு போட்ட டிரெய்லரை மாட்டினால் பாளையங்கோட்டையைத் தாண்டுவதற்குள் பின்விளக்கு அணைந்திருக்கும்.

இப்போது காற்று. வெளியூர்க்காரர்கள் எழுதும் அறிவுரைகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நமக்கு அது போதாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றை நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வரை சாலையின் பக்கவாட்டில் வாங்க வேண்டும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா அல்ல. கொடைகள் நெருக்கமாக வரும் காலமும் அதுவே. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரமுள்ள தகரச் சுவர் என்ன பாடுபடும்? மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று அந்தச் சுவரை ஏறத்தாழ 110 கிலோ எடைக்குச் சமமாகப் பக்கவாட்டில் தள்ளும். காற்று இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. பாரம் ஏற்றிய டிரெய்லரைவிட வெறும் டிரெய்லருக்குத்தான் அதிக ஆபத்து. சாமானை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். பாலத்தின்மீது ஏறும்போதும், பக்கத்தில் லாரி கடந்துபோகும்போதும் காற்று திடீரென்று நின்று திடீரென்று அடிக்கும். சாலையோரப் பனைகளின் ஓலை எல்லாம் ஒரே பக்கம் படிந்து கிடந்தால் 50க்கு மேல் போகாதீர்கள். மற்ற நாளிலும் 60 போதும், சட்டம் அதிகம் அனுமதித்தாலும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் பஸ்ஸின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் இயல்பாக வரும். இரண்டுமே டிரெய்லரைக் கவிழ்க்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு கைப்பிடி வால்வு வைத்திருந்தால் அதை மெல்ல இழுங்கள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் டிரெய்லர் நேராகிவிடும். அந்தக் கைப்பிடிக்கு ஆகும் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் நிகழ்ச்சி ஒப்புக்கொண்டால், புளியரைக்கு மேலே உள்ள வளைவுகளில் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பஸ்ஸின் நீண்ட வால் வளைவில் வெளிப்பக்கம் வீசும், டிரெய்லரின் மூக்கையும் அதோடு இழுத்துப் போகும். டிரெய்லரின் இழுகம்பி (கொக்கிவரை நீளும் முன்கம்பி) குட்டையாக இருந்தால் அதன் மூலை பஸ்ஸின் பின்மூலையில் இடிக்கும். அதனால் டிரெய்லர் கட்டும்போதே, ஒரு காலி மைதானத்தில் பஸ்ஸை முழுவதுமாக ஒடித்துத் திருப்பி இழுகம்பியின் நீளத்தை முடிவு செய்யுங்கள். மாஞ்சோலை மலைச் சாலையை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

பஸ்ஸையும் டிரெய்லரையும் சேர்த்துக் கிராமத்துத் தெருவுக்குள் விடாதீர்கள். வளைவுத் தோரணம், தாழ்ந்த மின்கம்பி, ஆளுயர வேகத்தடை என்று எல்லாம் உள்ளே காத்திருக்கும். பின்னால் எடுப்பது நரகம். டிரெய்லரை ஊர் எல்லையில் கழற்றி, உள்ளூர் டிராக்டரை வைத்துக் கோயில் திடலுக்கு இழுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஊரில் கேட்டால் தருவார்கள். அதற்காக ஒரு வளையமும் கூடுதலாக வைத்திருங்கள். பின்னால் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளீனர் விசிலோடு இறங்கட்டும். அவன் "வாங்க அண்ணாச்சி, வாங்க" என்று கத்துவது ஓட்டுநருக்குக் கேட்காது. கண்ணாடியில் அவன் கை தெரியாத நொடியில் வண்டி நிற்க வேண்டும்.

புறப்பட்டு அரை மணி நேரத்தில், நாங்குநேரிக்கு முன்னால் எங்காவது தேநீருக்கு நிறுத்துங்கள். தேநீருக்கு முன்பு டிரெய்லரின் ஒவ்வொரு ஹப்பிலும் (சக்கரத்தின் நடுப்பகுதி) புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் தொட முடியாமல் சுட்டால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80, 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். டயரில் பூ (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட, மாதக்கணக்கில் வெயிலில் நின்று பக்கவாட்டில் வெடித்துச் சாவதுதான் அதிகம்.

காகித வேலை: பஸ்ஸை மாற்றியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஒப்புதல் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் எண் டிரெய்லரின் பக்கவாட்டில், இழுக்கும் பஸ்ஸின் எண் டிரெய்லரின் பின்புறத்தில். உங்கள் பஸ்ஸின் பதிவு வகைக்கு டிரெய்லர் இழுக்க அனுமதி உண்டா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிய பிறகு பட்டறைக்குப் போங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதே கடிதத்தைக் காட்டுங்கள். டிரெய்லருக்குள் ஆளை ஏற்றாதீர்கள், மழை பெய்தாலும்.

மாதத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிதான் என்றால் இவ்வளவும் தேவையா என்று ஒரு முறை யோசியுங்கள். சாமானுக்கு ஒரு டாடா 407 சிறு லாரியை வாடகைக்குப் பிடித்தால் தீர்ந்தது. சீசன் முழுக்க ஓட்டம் என்றால் டிரெய்லர் கட்டலாம். ஜெனரேட்டரின் எடையையும் டிரெய்லரின் உள்நீளத்தையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அச்சு எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.